நாமக்கல்லில் மச்சானுக்குக் காவல்

சேலத்தில் நாமக்கல் பேருந்தில் ஏறியதும் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். கனடாவில் நகரப் பேருந்து ஓட்டிப் பிழைப்பவன் நான். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். இந்த ஓட்டுநரோ பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்தவராக இருந்தார். எது முன்னால் வந்தாலும் ஹாரன்தான் பதில். மல்லூர் தாண்டுவதற்குள், ஒன்றும் செய்யாமலே என் கால் கடுத்துப்போனது.

நான் பிறந்தது தூத்துக்குடியில். மனைவி கல்பனாதான் இந்தப் பக்கத்துக்காரி, மோகனூருக்குப் பக்கத்தில் பிறந்த வீடு. அவளுடைய அண்ணன் செங்கோட்டுவேலுக்கு வயிற்றில் ஆபரேஷன். பெருங்குடலில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் விட்டுவைக்கக் கூடாதாம். அந்தத் துண்டுக் குடலோடு எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். கல்பனாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. விமான நிலையத்தில் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எங்கண்ணனுக்கு அந்த ஊசியப் போடாம பாத்துக்குங்க."

அந்த ஊசி என்றால் மார்ஃபின். மச்சான் ஒரு காலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று சுற்றியவர். இடுப்பு வலிக்கு எங்கோ ஒரு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை, மார்ஃபினுக்குத் தம்பி முறையாகும் மாத்திரை, பிறகு வலி இல்லாத நாளிலும் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மூக்கு ஒழுகும். ஊரில் யாருக்கும் தெரியாது. வீட்டில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். கடைசியில் சரசு அக்கா, அவர் மனைவி, கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்து மீட்டுக்கொண்டு வந்தார். ரிக்கை விற்றுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தார்கள். மறுபடி அந்த மருந்து உடம்பில் ஏறினால் மனிதர் மறுபடி அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுவார் என்பதுதான் கல்பனாவின் பயம். எனக்கும் அதே பயம்தான்.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஆண்டகளூர் கேட் அருகே பேருந்து கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. கியர் விழவில்லை. கனடாவில் வண்டி இப்படி நின்றால் பயணிகள் என்னைப் பார்க்கும் பார்வையிலேயே பாதி உயிர் போய்விடும். இங்கே யாரும் கோபப்படவில்லை. இறங்கினார்கள், எதிரே இருந்த தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் வைத்து மூடித் தருகிறார்கள். நானும் வாங்கினேன். பிறகு இன்னொன்றும் வாங்கினேன்.

பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். பண்ணை வேலைக்கு வந்த பீகார்க்காரர்கள் போலிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபிகள் புண்ணியத்தில் எனக்கு இந்தி புரியும். "இந்த ஊரில் வெயில் ஏறினால் கோழிக்குத் தண்ணீர் தெளித்து மின்விசிறி போடுகிறார்கள்" என்றான் ஒருவன். "அடுத்த பிறவியில் நாமக்கல்லில் கோழியாகப் பிறக்கலாம்" என்றான் மற்றவன். "முட்டை போடாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுப் பிற" என்றான் முதலாமவன்.

அவ்வழியே வந்த முட்டை வேன் ஒன்றை நடத்துநரே கைகாட்டி நிறுத்தி, பெட்டி வைத்திருந்த பாவத்துக்காக என்னை முன்னால் ஏற்றிவிட்டார். "எந்த ஊட்டுக்குங்க?" என்று ஆரம்பித்த வேன் ஓட்டுநர் மூன்றாவது கேள்வியில் என் மாமனார் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். பின்னால் அட்டை அட்டையாக முட்டை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் மனிதர் கும்பிடு போடுவது போல வண்டியை ஏற்றி இறக்கினார். இவ்வளவு பதமாக ஓட்டிய வண்டியில் நான் போனதே இல்லை. மனிதர்களை ஏற்றும் வண்டியிலும் நாலு அட்டை முட்டை வைத்தால் என்ன என்று தோன்றியது.

மருத்துவமனையில் செங்கோட்டுவேல் மச்சான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆபரேஷன் அவருக்கா எனக்கா என்று சந்தேகம் வரும்படி என்னை விசாரித்தார். "வாங்க மாப்ள. வண்டி நின்னுபோச்சாமா? சாப்ட்டீங்களா? சரசு, மாப்ளைக்குக் காப்பி வாங்கியா."

"உங்களுக்கு எப்படி இருக்கு மச்சான்?"

"நமக்கென்னுங்க. நல்லா இருக்கறனுங்க."

இந்தப் பக்கத்தில் நலம் விசாரித்தால் வரும் பதில் இது ஒன்றுதான். தூத்துக்குடியில் விசாரித்தால் முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்து மூன்று தலைமுறை நோயையும் சொல்வார்கள். இங்கே கால் ஒடிந்து கிடப்பவரும் "பரவாயில்லீங்க" என்பார், அப்புறம் நம்மைச் சாப்பிட்டாயா என்பார். அழகான வழக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஆத்தூர்க்காரப் பெண்மணி, சுருக்கமாகப் பேசுகிறவர். பழைய கதையை மச்சானே அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் திட்டத்தை விளக்கினார். முதுகுத்தண்டின் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, வயிற்று நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். அதை எடுப்பதற்கு முன்னாலிருந்தே சாதாரணப் பாரசிட்டமால், வலி வந்தாலும் வராவிட்டாலும் நேரம் தவறாமல். சீக்கிரம் நடக்க வைப்பார்கள், சீக்கிரம் குடிக்கக் கொடுப்பார்கள். மார்ஃபின் வகை மருந்து குடலையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும் என்பதால் யாருக்குமே இப்போது அதைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்களாம்.

"அப்ப அந்த ஊசியே கிடையாதுதானே?" என்றேன்.

"முடிஞ்சவரைக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டா கொஞ்சமா, பக்கத்துல ஆள் வெச்சு."

"தேவைப்பட்டா முதல்ல என்னக் கேளுங்க டாக்டர்."

"நீங்க யாருக்குக் காவலுக்கு வந்திருக்கீங்க சார்? அவருக்கா, ஊசிக்கா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூடிய கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சரசு அக்கா தூக்குப்போசியில் கொண்டுவந்த அரிசி பருப்புச் சோற்றை இருவரும் தொடவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன பிறகு, அதே சோற்றை ஆறிப்போன நெய்யோடு நான் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அக்கா நாளைக்கு இரண்டு பங்கு கொண்டுவருவதாகச் சொன்னார்.

மறுநாள் மச்சானைப் பார்த்தபோது என்னாலேயே நம்ப முடியவில்லை. வயிற்றில் நெடுக்காகக் கட்டு, முதுகில் குழாய், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. மருத்துவமனை அங்கியைக் கழற்றிவிட்டு லுங்கிதான் கட்டுவேன் என்று நர்ஸோடு வழக்காடிக்கொண்டிருந்தார். நர்ஸ் நித்யா கெங்கவல்லிப் பெண். தளர்வாகக் கட்டச் சொல்லி அனுமதித்தாள். பிறகு கேட்டாள், "வலி எவ்ளோ இருக்குதுங்கய்யா? பூஜ்யம்னா இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல."

"ஒண்ணு போட்டுக்க சாமி. நீ சாப்ட்டயா?"

"நான் சாப்ட்டேன். ஆழமா மூச்சிழுத்து ஒருவாட்டி இருமிக் காட்டுங்க."

இருமினார். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு சொன்னபடி செய்தார். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வராந்தா வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தோம். ஊசி இல்லாமலே எல்லாம் நடக்கிறது. அன்று கல்பனாவிடம் தொலைபேசியில் நான் பேசிய பேச்சைக் கேட்டால், ஆபரேஷனையே நான்தான் செய்தேன் என்று நினைத்திருப்பார்கள். சாயங்காலத்திலிருந்து மாத்திரை. நித்யா கொடுத்தாள், மச்சான் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனார், தண்ணீர் குடித்தார். நானே பார்த்தேன்.

அன்று நான் தங்கியது மோகனூர்ப் பக்கத்தில் மச்சானின் பண்ணை வீட்டில். வாசலில் நின்றால் கரும்புக்கு அப்பால் காவிரி தெரிகிறது. வரிசை வரிசையாகக் கூண்டுகள். கோழிகள் ஓயாமல் ஏதோ வழக்குப் பேசிக்கொண்டே இருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் விருந்தாளி வந்திருக்கிறார் என்று மேச்சேரி ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்தனுப்பினார். கனடாக் கடையில் பனியில் உறைந்த கறியைத்தான் கறி என்று நம்பி இத்தனை வருடம் தின்றிருக்கிறேன். நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் காலையில் முதுகுக் குழாயை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒறம்பரை வந்து இறங்கியது. சொந்தபந்தத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ரொட்டி, ஆரஞ்சு, சத்துமாவு டப்பா. இரண்டிரண்டு பேராகத்தான் விடுவோம் என்று காவலாளி சொல்லிவிட்டதால் இரண்டிரண்டு பேராக வந்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அதில் முக்கியமான கேள்வி, "காத்துப் பிரிஞ்சுதுங்களா?" குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். கனடாவில் மருத்துவர் காதோடு காதாகக் கேட்கும் கேள்வி. இங்கே மருமகள் முதல் சம்பந்தி வரை மரியாதையாகக் கேட்டார்கள். இன்னும் இல்லை என்று சரசு அக்கா அதே மரியாதையோடு பதில் சொன்னார்.

ஒவ்வொரு முறை ஆள் உள்ளே வரும்போதும் மச்சான் எழுந்து உட்கார்ந்தார். படுங்கள் என்று நான் தோளைத் தொட்டேன். "பெரியவங்க நிக்கறப்ப படுத்துட்டு இருந்தா நல்லாவாங்க இருக்கும்?" என்றார். வலிக்குதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." சிரித்தார். ஆனால் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக, கடன் வாங்கியது போல இழுத்துக்கொண்டிருந்தார். வேன் கிளம்பிப் போனதும் சரிந்து படுத்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் நித்யா வந்து இருமச் சொன்னாள். "அப்பறம் இருமறேன் சாமி" என்றார். விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவியைப் பார்த்து அவள் முகம் மாறியது. வலி எவ்வளவு என்று கேட்டாள். ரெண்டு என்றார். "சரி, எந்திரிங்க, நடக்கலாம்."

எழுந்தார். வயிற்றில் வெட்டு இருக்கும் மனிதரால் லுங்கியை இறுக்கிச் செருக முடியாது. எடுத்து வைத்த முதல் அடியிலேயே மடி அவிழ்ந்தது. நான் லுங்கியைத் தாவிப் பிடித்தேன். மடியில் சுருட்டி வைத்திருந்தவை தரையில் சிதறி உருண்டன. வெள்ளை வெள்ளையாகப் பாரசிட்டமால் மாத்திரைகள், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கொடுத்தது அத்தனையும். இந்த ஊர் ஆண்கள் பணமோ பொடிமட்டையோ சாவியோ, எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் மடியில்தான் வைப்பார்கள்.

சரசு அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே அழுதார். "மறுபடியும் ஒளிச்சு வெக்கறீங்களே" என்றார். அந்த 'மறுபடியும்' என்ற சொல் மச்சானை அடித்துப்போட்டது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"திங்கறதுக்கு ஒளிக்கலீங்க மாப்ள" என்றார் என்னிடம். "திங்கக் கூடாதுன்னுதான் ஒளிச்சேன். எனக்கு மாத்திரைன்னா எல்லாம் மாத்திரைதானுங்க. ஒண்ணு உள்ள போனா அடுத்ததக் கேக்கும். வலிக்குதுன்னு சொன்னா ஊசியக் கொண்டாந்துருவாங்க. அதான் ரெண்டுன்னே சொன்னேன்."

"இப்ப நிஜமா எவ்வளவு?"

"ஒம்பதுங்க" என்றார்.

டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். திட்டவில்லை. "வலியால மூச்சை முழுசா இழுக்கல. நுரையீரலோட அடிப்பாகம் திறக்காமக் கெடக்குது. இப்பிடியே விட்டா சளி கட்டிக் காய்ச்சல் வரும். இந்தச் சாதாரண மாத்திரைய நேரத்துக்குப் போட்டிருந்தா ஊசி வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேன். இப்ப வலி நம்மளத் தாண்டி ஓடிருச்சு. பிடிச்சு நிறுத்தக் கொஞ்சம் மார்ஃபின் வேணும்." அப்புறம் மச்சானைப் பார்த்து, "சின்ன அளவு. நித்யா பக்கத்துலயே இருப்பா. ஊட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். உங்க சம்மதம் இல்லாமப் போடவும் மாட்டேன்" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மாப்ள."

இதற்காகத்தானே கல்பனா என்னைக் கண்டம் தாண்டி அனுப்பியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான் என் வேலை. என் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒருநாள் இதே வகை மருந்து அளவு மிஞ்சி உதடு நீலம் பாரித்துக் கிடந்த இளைஞனை நினைத்துக்கொண்டேன். மூக்கில் முறிமருந்தடித்து எழுப்பினோம். எங்கள் ஊர் நூலகத்தில்கூட அந்த மருந்தை வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் எனக்கு எதிரே இருந்தவர் அந்த இளைஞன் இல்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்து, வெறும் பயத்தைத் தின்று வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த மனிதர். வலியை மறைக்க மறைக்கத்தானே அன்றைக்கும் இவர் கெட்டார்? அன்று யாருக்கும் தெரியாமல் தனியாகத் தின்றார். இன்று எல்லோருக்கும் தெரிந்து, எல்லோர் முன்னாலும்.

"போட்டுக்குங்க மச்சான்" என்றேன். "நான் இங்கேயேதான் இருப்பேன்."

அவர் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். "போடுங்கம்மா."

ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் முகத்தின் முறுக்கு தளர்ந்தது. நித்யா சொன்னபடி ஆழமாக மூச்சிழுத்தார், தலையணையை அணைத்து இருமினார். பாரசிட்டமாலை அவள் கண்முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார், அவள் கேட்காமலே. பிறகு தூங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் யாராவது ஊசி போட்டிருக்க வேண்டும்.

காலையில் சரசு அக்காவும் நானும் கீழே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தோம். மச்சான் விழித்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "காத்துப் பிரிஞ்சுருச்சுங்க மாப்ள" என்றார். தேர்வில் பாசான பையனின் முகம். அக்கா அந்த இடத்திலேயே திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் நாலு பேர் சேர்ந்து சந்தோஷப்பட்டது எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரசம் சோறு கொடுக்கலாம் என்று அனுமதி வந்தது.

அக்கா ரசம் கொண்டுவரப் போனதும் மச்சான் குரலைத் தாழ்த்தினார். "முழிச்சதிலருந்து காத்துட்டே இருந்தனுங்க மாப்ள."

"எதுக்கு?"

"இன்னொண்ணு வேணும்னு தோணுமான்னு. அது எப்பிடி வரும்னு எனக்குத் தெரியுமுங்க. மொதல்ல தொடை குறுகுறுங்கும். அப்பறம் மனசு எதையாச்சும் சாக்குச் சொல்லும். பாத்துட்டே இருந்தேன். வர்லீங்க. வலிதான் இருக்குது. வெறும் வலி."

"நாளைக்கு வந்தா?"

"வந்தா சொல்றனுங்க" என்றார்.

மிச்சம் இருந்தது கல்பனா. முந்தின நாள் அவள் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. இப்போது மறுபடி அழைத்தாள். ஊசி போட்டதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது மச்சான் கை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"அம்முணி, நேத்து அந்த ஊசி போட்டாங்க. மாப்ளைய ஒண்ணும் சொல்லாத. நாந்தான் போடச் சொன்னேன். ஒருக்காத்தான். நெம்ப வலிச்சுது."

அவள் பேசுவது கேட்கும்படி நான் நெருங்கி நின்றேன். அவள் குரல் வந்தது. "இப்ப எப்பிடி இருக்குதுங்கண்ணா?"

நமக்கென்ன, நல்லா இருக்கிறேன் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ரிக்கில் இருந்த காலத்திலிருந்து, எந்த ஊரிலிருந்து எந்த நிலையில் பேசினாலும் தங்கைக்கு அவர் சொல்லி வந்த பதில் அது ஒன்றுதான்.

"வலிக்குது அம்முணி" என்றார். "ஆனா தாங்கற வலிதான்."

அந்தப் பக்கம் என் மனைவி உடைந்து அழ ஆரம்பித்தாள். மச்சான் அவளைத் தேற்றவில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லவும் இல்லை. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.